ஈபேயில் பொருள் வந்து சேருமுன் ஃபீட்பேக் கெடு முடிந்துவிட்டால்?

சீனாவிலிருந்து சாதாரணத் தபாலில் வரும் 2 டாலர் கேபிளுக்குத்தான் பெரும்பாலும் இந்தச் சிக்கல். ஈபேயில் ஃபீட்பேக் (விற்பவரைப் பற்றிய கருத்து) எழுத, வாங்கியதிலிருந்து 60 நாள்தான். பார்சல் 65-ஆம் நாள் வந்தால் எழுத வழியில்லை.

ஆனால் ஃபீட்பேக்கை விட முக்கியமானது பணம். ஆர்டர் பக்கத்தில் உத்தேச டெலிவரிக்கு இரண்டு தேதி இருக்கும். அதில் பிந்தைய தேதியிலிருந்து 30 நாளுக்குள் 'பொருள் வரவில்லை' என்று புகார் பதிய வேண்டும். "இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள்" என்று விற்பவர் கேட்பார். அந்த இரண்டு வாரத்தில்தான் பலருக்குக் கெடு தாண்டிப்போகிறது! தயவுசெய்து முதலில் புகாரைப் பதியுங்கள், பிறகு பொறுங்கள். 3 வேலை நாளில் தீர்வு வராவிட்டால் ஈபேயைத் தலையிடச் சொல்லலாம். பேபால் என்ற இணையப் பணச் சேவை வழியே செலுத்தியிருந்தால், செலுத்தியதிலிருந்து 180 நாள் வரை அங்கும் முறையிடலாம்.

ஃபீட்பேக்கை 55-ஆம் நாள்வாக்கில், நடந்ததை நடந்தபடி எழுதிவிடுங்கள்.