அம்மாவை எந்தக் கணக்கில் சேர்த்தாய்?

கேள்வி: எனக்கு 29 வயது. ஊர் திருச்சி. சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். தங்களுக்கு மதம் இல்லை என்று சொல்லும் குடும்பங்களைப் பற்றிய ஆய்வு. எங்களுடையதே மூன்று தலைமுறைச் சுயமரியாதைக் குடும்பம். தாத்தா கல்யாணமும் அப்பா கல்யாணமும் ஐயர் இல்லாமல் நடந்தவை. போன வருடம் அப்பா தவறினார். அவர் விருப்பப்படி உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தோம். அம்மாதான் கையெழுத்துப் போட்டார். இப்போது வருடம் திரும்பப் போகிறது. அப்பா போட்டோவுக்கு முன்னால் இலை போட்டுப் படைக்க வேண்டும் என்கிறார் அம்மா. போதாததற்கு, சேலைகளுக்கு அடியில் வைத்திருந்த, ஓரம் மடங்கிப்போன 1996ஆம் வருடக் காலண்டர் முருகன் படத்தை எடுத்துச் சமையலறையில் மாட்டிவிட்டார். நான் கழற்றி உள்ளே வைத்தேன். அன்றிலிருந்து பேச்சு நின்றுவிட்டது. அண்ணன், ‘அம்மா இஷ்டம்’ என்று ஒதுங்கிவிட்டான். ஆய்வேட்டின் முதல் அத்தியாயமே எங்கள் குடும்பத்தைப் பற்றியதுதான். இது அப்பாவின் கொள்கைக்குத் துரோகம் என்று அம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்:

மகளே, இந்தக் கடிதம் எனக்குப் புதிதல்ல. சாமி கும்பிடுகிற வீட்டிலிருந்து, ‘பையன் கோயிலுக்கு வரமாட்டேன் என்கிறான்’ என்று எழுதுவார்கள். கறுப்புச் சட்டை வீட்டிலிருந்து, ‘அம்மா விளக்கேற்றுகிறார்’ என்று எழுதுவார்கள். தான் சொல்வது சரி என்பதில் யாருக்கும் சந்தேகம் இருப்பதில்லை. அடுத்தவரை வழிக்குக் கொண்டுவருவது எப்படி என்று மட்டும் கேட்பார்கள். அதை நான் சொல்லித் தரப்போவதில்லை. போகிற போக்கில் நீ ஒரு விஷயம் எழுதிவிட்டுப் போயிருக்கிறாய், அதைப் பற்றிப் பேசுவோம்.

1996 காலண்டர். சேலைக்கு அடியில் இருந்தது. ஓரம் மடங்கியிருந்தது.

உனக்கு 29 வயது. அப்படியென்றால் அந்தப் படம், உன் அம்மா உன்னை வயிற்றில் சுமந்திருந்தபோதோ நீ கைக்குழந்தையாக இருந்தபோதோ வீட்டுக்கு வந்தது. தாளெல்லாம் கிழித்து முடிந்த பிறகும் அந்தப் படத்தை மட்டும் எடுத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறார். வைத்த இடத்திலேயே கிடந்த படத்துக்கு ஓரம் மடங்காது. அவ்வப்போது எடுத்துப் பார்த்துவிட்டு, யாராவது வரும் சத்தம் கேட்டதும் அவசரமாக உள்ளே தள்ளியிருக்க வேண்டும். அந்த வருடம் அம்மாவுக்கு என்ன நடந்தது? பிரசவம் சிக்கலாக இருந்ததா? உனக்கு உடம்புக்கு முடியாமல் போனதா? கேட்டாயா? கேட்கவில்லை. கேட்டிருந்தால் படத்தைக் கழற்றியிருக்க மாட்டாய்.

வருடத்தையும் மடிப்பையும் கவனித்த கண் உன்னுடையது, ஆய்வு செய்து பழகிய கண். பார்த்ததும் ஒரு கேள்வி வந்திருக்க வேண்டாமா? உனக்குக் கோபம்தான் வந்தது.

உன் துறையிலிருந்தே சொல்கிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ‘உங்கள் மதம் என்ன?’ என்று கேட்டதற்கு நூற்றுக்கு 72 பேர் கிறிஸ்தவம் என்றார்கள். ஆபி டே என்ற ஆய்வாளர் வட இங்கிலாந்தில் ஆட்களைத் தேடிப் போய், மதத்தைப் பற்றிக் கேட்காமல், ‘நீங்கள் எதை நம்புகிறீர்கள்?’ என்று கேட்டார். கிறிஸ்தவம் என்று எழுதிக் கொடுத்தவர்களிலேயே பலருக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. பிறந்த குடும்பத்தையும் சேர்ந்த கூட்டத்தையும்தான் அவர்கள் அந்தக் கட்டத்தில் எழுதியிருந்தார்கள். இது நீ படிக்காததாக இருக்காது. ஜப்பானைப் பற்றியும் படித்திருப்பாய். தனக்கு மதம் இல்லை என்று சொல்கிறவர் அங்கே புத்தாண்டுக்குக் கோயில் வாசலில் வரிசையில் நிற்பார், கோடையில் முன்னோர் கல்லறையைக் கழுவிப் பூ வைப்பார். அவரைப் பொய்யர் என்று யாரும் சொல்வதில்லை.

நம் ஊருக்கு வா. கணக்கெடுக்க வருகிறவரிடம் வீட்டில் ஒருவர் சொல்கிற பதில்தான் எல்லோருக்கும் எழுதப்படுகிறது. 2011இல் மதம் குறிப்பிடாதவர்கள் என்று இந்தியா முழுக்க 28 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிவானார்கள். அதில் எத்தனை பெண்கள் தங்கள் வாயால் சொன்னவர்கள், எத்தனை பேருக்காக வாசலில் நின்ற கணவர் சொன்னார்? இந்தக் கேள்வி உனக்கு என் மூலமாகவா வர வேண்டும்? நீ போன வீடுகளில் யார் உன் எதிரில் உட்கார்ந்து பேசினார்கள், யார் காபி போட உள்ளே போனார்கள் என்று உன் குறிப்பேட்டைப் புரட்டிப் பார். உன் வீட்டு அத்தியாயத்தில் அம்மா பேசியது எத்தனை வரி?

நான் சாமி கும்பிடுகிறவள். அதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம். ஆனாலும் உன் தாத்தா, அப்பா போன்றவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அன்றைக்கு அதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அந்தத் துணிச்சலுக்கு விலை கொடுத்தவர்களில் உன் பாட்டியும் ஒருவர். புரோகிதரும் சடங்கும் இல்லாத கல்யாணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 1967இல் அண்ணா ஆட்சி சட்டம் கொண்டுவந்து, முன்பு நடந்தவற்றுக்கும் சேர்த்து ஏற்பு கொடுக்கும்வரை, உன் பாட்டி போன்றவர்கள் சட்டத்தின் கண்ணில் மனைவியே இல்லை, பெற்ற பிள்ளைக்கும் முறையான பிள்ளை என்ற பெயர் இல்லை. மேடையில் பேசியவர்கள் பெயர் வரலாற்றில் இருக்கிறது. சொந்தக்காரர்களின் ஏச்சை வாங்கிக்கொண்டு குடும்பம் நடத்திய பெண்களை யார் எழுதினார்கள்? நீ எழுதியிருக்க வேண்டும்.

அப்பாவை நான் குறை சொல்ல வரவில்லை. அந்தப் படம் இருந்தது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கலாம், தெரிந்தும் தெரியாதவர்போல் விட்டிருக்கலாம். அப்படியென்றால் அவர் உன்னைவிடப் பெரிய மனசுக்காரர். தெரியாது என்றால், பெண் விடுதலை பேசிய வீட்டில் ஒரு பெண் தன் மனதில் இருப்பதை இவ்வளவு வருடம் துணிக்கு அடியில் வைக்க வேண்டியிருந்தது. இரண்டில் எதுவாக இருந்தாலும் படத்தைக் கழற்ற உனக்கு உரிமை வரவில்லை. உன் சமையலறையா அது?

துரோகம் என்று எழுதியிருக்கிறாய். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள். இறந்தவர் எழுதி வைத்திருந்தாலும் வீட்டார் சம்மதம் இல்லாமல் உடலை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முருகனைக் கும்பிடுகிற ஒரு பெண் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கொள்ளி இல்லை, சாம்பல் இல்லை, காவிரியில் கரைக்க ஒரு பிடி எலும்பும் இல்லை. புருஷன் சொன்ன சொல்லுக்காக இத்தனையையும் விட்டுக்கொடுத்தார். உன் அப்பாவின் கொள்கையைக் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்த்தது நீயும் இல்லை, உன் அண்ணனும் இல்லை, அம்மாதான். அவர் கேட்பது ஒரு இலைச் சோறு.

அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாகிவிட்டது. இனி உன் கடமையெல்லாம் உயிரோடு இருக்கிற அம்மாவுக்கு. இதில் எனக்கு இரண்டு எண்ணம் கிடையாது. பெற்றவள் துக்கத்தில் இருக்கும்போது பேசாமல் முறுக்கிக்கொண்டு இருப்பதற்குப் பகுத்தறிவு என்று பெயர் வைக்காதே.

இன்றைக்கே அந்தப் படத்தை எடுத்து அம்மா மாட்டிய ஆணியிலேயே மாட்டு. மன்னிப்புக் கேள், சுற்றி வளைக்காமல். படையல் அன்று நீ கும்பிட வேண்டாம், நெற்றியில் எதுவும் இட வேண்டாம். அது உன் உரிமை, அம்மாவும் கட்டாயப்படுத்தக் கூடாது. கட்டாயப்படுத்தினால் எனக்கு எழுது, அவருக்கும் நான் பதில் எழுதுகிறேன். ஆனால் காலையில் சந்தைக்குப் போ, அப்பாவுக்குப் பிடித்த மீனோ கறியோ வாங்கி வா, ஆய்ந்து கொடு, இலை போடு. ‘அம்மா இஷ்டம்’ என்ற அண்ணனிடமும் சொல், அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டுவிட்டு முதல் நாள் ராத்திரியே வீட்டுக்கு வந்துசேரச் சொல். ஒதுங்கிக்கொள்வது பெருந்தன்மை இல்லை.

அப்புறம் உன் ஆய்வேடு. முதல் அத்தியாயத்தை அப்படியே கொடுத்துவிடாதே, அதில் இருப்பது உண்மை இல்லை. நெறியாளரிடம் போய் அவகாசம் கேள். அம்மாவிடம், மகளாக மட்டும் இல்லாமல் ஆய்வாளராகவும் ஒரு தடவை உட்கார், அவருக்குச் சம்மதம் இருந்தால் மட்டும். சம்மதம் இல்லை என்றால் உங்கள் குடும்பத்தை ஆய்விலிருந்து எடுத்துவிடு. மற்ற வீடுகளுக்கும் திரும்பப் போ. இந்தத் தடவை, வீட்டுக்காரர் வெளியே போயிருக்கும் நேரமாகப் பார்த்துப் போ.