'முழு மனித' எதிர்ப்பொருளைக்கூட உடல் ஏன் நிராகரிக்கிறது?

எதிர்ப்பொருள் என்பது அயற்பொருளைப் பற்றிக்கொள்ள நோயெதிர்ப்பு மண்டலம் உருவாக்கும் புரதம். சுண்டெலியிலிருந்து பெறப்படும் மோனோகுளோனல் (ஒரே வகையான) எதிர்ப்பொருள்களை மனித உடல் ஏற்கும்படி எவ்வாறு மாற்றியமைக்கிறார்கள், முழுக்க மனித அமினோ அமில வரிசையிலேயே அமைந்த மருந்துகள் வந்த பின்னும் சிலருடைய உடல் அவற்றை ஏன் எதிர்க்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் இரண்டாம் பாதியே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆயினும் முதற்பாதியைச் சொல்லாமல் அதை விளக்க முடியாது.

கோலர், மில்ஸ்டைன் என்ற இரு அறிவியலாளர்கள் 1975-இல் கேம்பிரிட்ஜில், எதிர்ப்பொருளைச் சுரக்கும் சுண்டெலியின் பி செல்லைப் புற்றுச் செல்லுடன் இணைத்து, ஒரே வகை எதிர்ப்பொருளை ஓயாமல் சுரக்கும் ஹைப்ரிடோமா செல்களை உருவாக்கினார்கள். அந்த வழியில் மருந்தாக முதலில் ஒப்புதல் பெற்றது முரோமோனாப். சிறுநீரக மாற்று சிகிச்சைக்குப் பின் ஏற்படும் நிராகரிப்புக்குச் சிகிச்சையளிப்பதற்காக அமெரிக்காவில் 1986-இல் அது அனுமதிக்கப்பட்டது. அது வேலை செய்தது. ஆனால் நோயாளிகள் பலரின் உடல் சில வாரங்களுக்குள் அந்தச் சுண்டெலிப் புரதத்துக்கு எதிராகவே எதிர்ப்பொருள்களைத் தயாரித்துவிட்டதால், அதை மீண்டும் கொடுப்பது கடினமாயிற்று. இதற்கு அப்பால் இன்னொரு குறையும் இருந்தது. மனிதரின் ஐஜிஜி (இரத்தத்தில் மிகுதியாக உள்ள வகை) எதிர்ப்பொருள் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 21 நாட்கள் ஆகின்றன. அதைச் சிதையாமல் மீட்டு இரத்தத்துக்கே திருப்பி அனுப்பும் ஓர் ஏற்பி நம் செல்களில் இருப்பதே அதற்குக் காரணம். சுண்டெலி எதிர்ப்பொருளின் வால்பகுதியை, அதாவது ஒய் வடிவின் அடித்தண்டை, அந்த ஏற்பி சரியாகப் பற்றுவதில்லை என்பதால் அது விரைவில் வெளியேறிவிடுகிறது.

எதிர்ப்பொருளின் ஒய் வடிவத்தில் இரு கைகளின் நுனி மட்டுமே இலக்கைப் பற்றுகிறது. எஞ்சிய பெரும்பகுதி மாறாப் பகுதி. எனவே நுனியைச் சுண்டெலியினுடையதாக விட்டுவிட்டு மற்றதை மனிதப் புரதமாக மாற்றும் கலப்பு எதிர்ப்பொருள்கள் 1984-இல் உருவாயின. 1997-இல் ஒப்புதல் பெற்ற ரிடுக்ஸிமாப், 1998-இல் வந்த இன்ஃப்ளிக்ஸிமாப் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. வால்பகுதியின் சிக்கல் இதோடு தீர்ந்தது; அயற்பொருள் என்ற சிக்கல் குறைந்ததே தவிர மறையவில்லை.

அடுத்த படியைப் பிரிட்டிஷ் அறிவியலாளர் கிரெக் வின்டர் 1986-இல் எடுத்து வைத்தார். நுனியிலும் இலக்கைத் தொடுபவை சில வளையங்கள்தாம். ஒவ்வொரு கையிலும் ஆறு. அந்த வளையங்களை மட்டும் வெட்டியெடுத்து மனித எதிர்ப்பொருளின் சட்டகத்தில் ஒட்டுவது அவருடைய முறை. சொல்வதற்கு எளிதாகத் தோன்றும் இந்த வேலையில்தான் உண்மையான நுட்பம் இருக்கிறது. வளையங்கள் தாமாக நிற்பவை அல்ல. அடியிலுள்ள சட்டகத்தின் சில அமினோ அமிலங்கள் தாங்கிப் பிடிப்பதால்தான் அவற்றின் வடிவம் நிலைக்கிறது. சட்டகத்தை மாற்றியதும் வளையம் சற்றே நெளிந்து, பற்றும் வலிமை பல மடங்கு வீழ்வதுண்டு. அதை மீட்க, தாங்கும் இடங்களில் சில சுண்டெலி அமினோ அமிலங்களைத் திரும்ப வைக்க வேண்டியிருக்கிறது. அப்படி வைக்கும் ஒவ்வொன்றும் அயல்தன்மையைச் சிறிதளவு திரும்பக் கொண்டுவரக்கூடும். எதை வைப்பது, எதை விடுவது என்பதைக் கணினி மாதிரியைக் கொண்டு தீர்மானிக்கும் வழியை 1989-இல் இன்னொரு குழு காட்டியது. மார்பகப் புற்றுக்கான டிராஸ்டுசுமாப் (1998) இந்த மனிதமயமாக்கலின் விளைவே.

முழுக்க மனித எதிர்ப்பொருள்களைப் பெற இரு வழிகள் உள்ளன. ஒன்று, மனித எதிர்ப்பொருள் மரபணுக்களின் பெருந்தொகுப்பை பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களின் மேற்பரப்பில் வெளிப்படுத்தி, இலக்கைப் பற்றுபவற்றைப் பொறுக்கியெடுப்பது; மூட்டழற்சிக்கான அடாலிமுமாப் (2002) இப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டது. மற்றொன்று, மனித எதிர்ப்பொருள் மரபணுக்களைத் தாங்கும் சுண்டெலிகளை உருவாக்கி அவற்றுக்குத் தடுப்பூசி போடுவது. அதன் முதற்பலன் 2006-இல் வந்த பானிடுமுமாப்.

ஆனால் அடாலிமுமாப் பெறுவோரிலும் ஒரு பகுதியினர் அதற்கு எதிரான எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறார்கள். வரிசை மனித வகையைச் சேர்ந்தது என்பதால் அது எல்லா உடலுக்கும் பழகியதாகிவிடாது. வளையங்களின் வரிசை ஒவ்வொரு எதிர்ப்பொருளிலும் தனித்தது; குறிப்பிட்ட ஒரு மருந்தின் வளையத்தை நோயாளியின் நோயெதிர்ப்பு மண்டலம் முன்பு கண்டிருக்க வாய்ப்பே இல்லை. அந்த வளையத்தின் துண்டொன்று, புரதத் துண்டுகளைச் செல்லின் மேற்பரப்பில் காட்டும் எச்எல்ஏ மூலக்கூறில் பொருந்தி, நோயெதிர்ப்பை முடுக்கிவிடும் டி செல்லின் பார்வைக்கு வந்துவிட்டால் எதிர்வினை தொடங்கலாம். எந்தத் துண்டு பொருந்தும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். கிரோன் என்ற குடல் அழற்சி நோய் உள்ளவர்களில் எச்எல்ஏ-டிகியூஏ1*05 என்ற மரபு வகையைக் கொண்டவர்கள், கலப்பு வகையான இன்ஃப்ளிக்ஸிமாபுக்கும் முழு மனித வகையான அடாலிமுமாபுக்கும் எதிராக எதிர்ப்பொருள் உருவாக்கும் வாய்ப்பு அதிகம் என்று கண்டறியப்பட்டிருக்கிறது. ஆகவே 'எத்தனை விழுக்காடு மனிதம்' என்ற கணக்கை மட்டும் வைத்து ஒரு மருந்தை எடைபோடுவது போதாது என்பது என் கருத்து. கொழுப்பைக் குறைக்கவென உருவாக்கப்பட்ட, மனிதமயமாக்கப்பட்ட போகோசிசுமாப், பெரிய சோதனைகளில் பலரிடம் எதிர்ப்பொருள்களைத் தூண்டிப் பயனிழந்ததால் 2016-இல் கைவிடப்பட்டது.

புரத வரிசைக்கு வெளியேயும் காரணங்கள் உண்டு. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டிருந்தால் எதிர்வினை கூடும். செட்டுக்ஸிமாப் என்ற புற்றுநோய் மருந்தைச் சுண்டெலிச் செல்களில் தயாரித்ததால் அதில் ஆல்ஃபா-கேல் என்ற சர்க்கரை ஒட்டியிருந்தது. அச்சர்க்கரைக்கு ஏற்கெனவே ஒவ்வாமை கொண்டிருந்தவர்களுக்கு முதல் மருந்தேற்றத்திலேயே கடும் விளைவுகள் நேர்ந்ததை 2008-இல் வெளியான ஆய்வு விளக்கியது; அந்த ஒவ்வாமைக்கு உண்ணிக் கடி காரணம் என்பது பின்னர் தெரியவந்தது.

இன்று டி செல்களைத் தூண்டக்கூடிய துண்டுகளைக் கணினி மூலம் முன்கூட்டியே கணித்து நீக்குகிறார்கள். மூட்டழற்சி நோயாளிகளுக்கு நோயெதிர்ப்பைத் தணிக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்தைச் சேர்த்துக் கொடுக்கும்போது எதிர்ப்பொருள் உருவாவதும் குறைகிறது. பலன் குன்றினால் இரத்தத்தில் மருந்தின் அளவையும் மருந்துக்கு எதிரான எதிர்ப்பொருளையும் அளந்து பார்ப்பதே முறை. மருந்தளவு குறைந்தும் எதிர்ப்பொருள் மிகுந்தும் இருந்தால், அதே இலக்கைத் தாக்கும் வேறொரு மருந்துக்கு மாறலாம். வளையங்கள் வேறாக இருப்பதால் பழைய எதிர்ப்பொருள்கள் பொதுவாகப் புதியதைப் பற்றுவதில்லை.