வீட்டில் சின்னக் குழந்தை, கையில் துப்பாக்கிப் பயிற்சி: காரீயத்தை எப்படித் தள்ளி வைப்பது?

கேள்வி: வாரம் இருமுறை மூடிய அரங்கில் .22 பிஸ்டல் சுடுகிறேன். 13 வயது மகள் வீட்டு மாடி அறையில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகுகிறாள், தினமும் சுமார் 100 பெல்லட் (சிறு காரீயக் குண்டு). 2 வயது மகனும் இருக்கிறான். காரீயம் உடம்புக்குள் போகும் என்கிறார்களே, பயிற்சியை நிறுத்த வேண்டுமா? ரத்தப் பரிசோதனை தேவையா?

பதில்: நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் மூன்று பேரில் முதலில் பார்க்க வேண்டியது துப்பாக்கியையே தொடாத சின்னவனை. தரையில் உட்கார்ந்து விளையாடி, அதே கையை வாயில் வைக்கிற வயது அவனுக்கு. வயிற்றுக்குள் போகும் காரீயத்தில் பெரியவர் உடம்பு பத்தில் ஒரு பங்கு அளவுக்கு எடுத்துக்கொண்டால், குழந்தையின் உடம்பு பாதி வரை எடுத்துக்கொள்ளும். அது வளரும் மூளையைத்தான் தாக்கும்.

உங்கள் மகளின் ஏர் ரைஃபிளில் வெடிமருந்து இல்லை, அதனால் புகை இல்லை. அங்கே ஆபத்து விரலிலும், இலக்குக்குப் பின்னால் பெல்லட்டைப் பிடிக்கும் பெட்டியான ட்ராப்பிலும் இருக்கிறது. பயிற்சி முடிந்ததும் அவள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வெள்ளை டிஷ்யூவில் அழுத்தித் துடைத்துப் பாருங்கள், சாம்பல் கோடு விழும். அந்த விரலோடுதான் நடுவில் பிஸ்கட் எடுக்கிறாள், போனைத் தொடுகிறாள். பெல்லட்டை வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால் இன்றே விடச் சொல்லுங்கள். சானிட்டைசர் காரீயத்தை எடுக்காது. சோப்புப் போட்டு, நகக்கண் வரை தேய்த்து, ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும்.

ஒரு பெல்லட் சுமார் அரை கிராம். தினமும் 100 என்றால் 25 நாளில் ட்ராப்பில் ஒன்றேகால் கிலோ காரீயம் சேரும். இரும்புத் தகட்டில் மோதிச் சிதறும்போது நுண்ணிய தூள் பறக்கும். தகட்டுக்கு முன்னால் பிசைந்த மாவு போல மெத்தென்ற பசை (putty) அடைத்த ட்ராப் என்றால் பெல்லட் அதில் புதைந்துவிடும், தூள் வெகுவாகக் குறையும். ட்ராப்பைக் காலி செய்யும்போது கையுறையும் என்95 மாஸ்க்கும் அணிந்து, கீழே ஈரச் செய்தித்தாள் விரித்து, தண்ணீர் தெளித்துவிட்டு, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டுங்கள். வீட்டில் உருக்கவே கூடாது. மறுசுழற்சிக்கு அனுப்பும் கிளப்பிடம் கொடுத்துவிடலாம். அந்த அறையில் விளக்குமாறு வேண்டாம், சாதாரண வாக்யூம் கிளீனரும் வேண்டாம். இரண்டுமே தூளைக் காற்றில் ஏற்றும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, பிறகு நல்ல தண்ணீரில் இன்னொரு துணியால் துடையுங்கள். தரையில் கம்பளம் வேண்டாம். சின்னவன் அந்த அறைக்குள் வரவே கூடாது.

இனி உங்கள் .22. பெரும்பாலான .22 தோட்டாக்களின் ப்ரைமரில், அதாவது வெடிமருந்தைப் பற்ற வைக்கும் கலவையில், காரீய ஸ்டிஃப்னேட் என்ற காரீயச் சேர்மம் இருக்கிறது, குண்டும் பெரும்பாலும் உறையில்லாத காரீயம். ஒவ்வொரு வெடிக்கும் மூக்குக்கு நேரே நுண்புகை எழும்பும். அரங்கின் காற்று உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து இலக்கை நோக்கி ஒரே சீராக நகர வேண்டும். சுடும் கோட்டில் நிமிடத்துக்கு 75 அடி, அதாவது நொடிக்குச் சுமார் 0.38 மீட்டர் என்பது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் பரிந்துரைக்கும் வேகம். சுடுதல் நின்ற நேரத்தில், அரங்கப் பொறுப்பாளரைக் கேட்டுக்கொண்டு, கோட்டில் நின்று மூக்கின் உயரத்தில் ஒரு சிட்டிகை டால்கம் பவுடரை ஊதிப் பாருங்கள். நேரே முன்னால் போனால் சரி. சுழன்று முகத்துக்குத் திரும்பினால் காற்றோட்டம் சரியில்லை. ஊதுபத்தி கொளுத்திப் பார்க்காதீர்கள், எரியாத வெடிமருந்துத் துகள் தரையில் கிடக்கும். காற்று அப்படித் திரும்பக் காரணம் பெரும்பாலும் யாரோ வெக்கைக்கு வைத்த ஸ்டாண்ட் ஃபேன்தான். பின்னாலிருந்து வேகமாக அடிக்கும் காற்று சுடுபவரின் உடம்பில் மோதிச் சுழலும், அந்தச் சுழல் புகையை இழுத்து வரும். அரங்கைப் பெருக்குகிறவர்களுக்கும் காலித் தோட்டா பொறுக்குகிறவர்களுக்கும் இதைவிட அதிக ஆபத்து. அங்கேயும் ஈரத் துடைப்போ நுண்தூளையும் பிடிக்கும் ஹெபா வடிகட்டி உள்ள வாக்யூம் இயந்திரமோதான் வேண்டும்.

வெறும் வயிற்றில் சுடப் போகாதீர்கள், வயிறு காலியாக இருந்தால் காரீயம் பல மடங்கு உறிஞ்சப்படும். இரும்பு, கால்சியம் குறைவும் அப்படியே. ஆனால் சாப்பாடு அரங்கத்துக்கு வெளியே, கை கழுவிய பிறகுதான். சுடுவதற்கென்று ஒரு சட்டையும் ஒரு ஜோடி ஷூவும் தனியாக வையுங்கள். ஷூ வாசலுக்கு வெளியே நிற்கட்டும், சட்டையை உதறாமல் தனியாகத் துவையுங்கள். வந்ததும் குளித்த பிறகு பையனைத் தூக்குங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள், பாலூட்டுகிறவர்கள் மூடிய அரங்கத்தையும் துப்புரவு வேலையையும் தவிர்க்க வேண்டும்.

பரிசோதனை மூவருக்கும் செய்யுங்கள். விரல்நுனியில் குத்தி எடுக்க வேண்டாம், தோலில் ஒட்டிய தூளே எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டும். கையில் உள்ள ரத்தக் குழாயிலிருந்து (சிரை) ஊசி போட்டு எடுக்கச் சொல்லுங்கள். ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) ரத்தத்தில் காரீயம் 5 மைக்ரோகிராம் எட்டினாலே எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். குழந்தைகளுக்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 3.5 என்று வைத்திருக்கிறது. பெரியவருக்கு ஒருமுறை 30ஐத் தாண்டினாலோ, 4 வார இடைவெளியில் இரண்டு முறையும் 20க்கு மேல் இருந்தாலோ சுடுவதை நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். பையனுக்கு 45ஐத் தொட்டால் அது உடனடி சிகிச்சைக்குரிய அளவு. அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். தலைவலி, மலச்சிக்கல், சிடுசிடுப்பு எல்லாம் பிந்தித்தான் வரும், வந்தாலும் வேறு காரணம் சொல்லத் தோன்றும்.

ரத்தத்தில் உள்ள காரீயம் பாதியாகக் குறைய சுமார் ஒரு மாதம் ஆகும், எலும்பில் தங்கியது பல வருடம் இருக்கும். அதனால் மாற்றங்கள் செய்து 2, 3 மாதம் கழித்து மறுபடி பாருங்கள். எண்ணிக்கை இறங்கவில்லை என்றால் துப்பாக்கியை மட்டும் சந்தேகிக்காமல் பழைய பெயின்ட் உதிரும் சுவர், நிறம் ஏற்றிய மஞ்சள் தூள், ரசம் வைக்கும் ஈயச் சொம்பு எல்லாவற்றையும் பாருங்கள். நல்ல சொம்பு வெள்ளீயம், அதில் பயமில்லை. கலப்படச் சொம்பில் காரீயம் இருக்கலாம்.