தாத்தாவின் சவரக்கத்திக்கு என்ன வயது?

கீழக்கரை, தொண்டி, பாம்பன் பக்கம் பழைய வீட்டு அலமாரியைக் காலி செய்தால், கொழும்புச் சாமான்களோடு ஒரு மடக்குச் சவரக்கத்தியும் அகப்படுவது வழக்கம். அவற்றின் வயது பற்றிய கேள்விகளுக்கு இங்கே பதில். முதலில் சில சொற்கள்: சவரம் செய்யும் பகுதி அலகு. அலகையும் பிடியையும் இணைப்பது ஆணி. அலகுக்கும் ஆணிக்கும் நடுவே முத்திரை குத்திய தட்டையான இடம் கழுத்து. ஆணியைத் தாண்டி, விரல் வைக்க நீண்டிருப்பது வால்.

கத்தி முழுக்கத் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பெயர் தெரியுமா? (மண்டபம்)

தெரியாது, இருப்பதும் போய்விடும். கழுத்து முத்திரை மேலோட்டமாகக் குத்தியது. அலகின் மேல் அமிலத்தால் அரித்து எழுதிய எழுத்து அதைவிட மெல்லியது. புளி, எலுமிச்சையும் வேண்டாம். அவை துருவோடு நல்ல இரும்பையும் தின்னும்.

கத்தி வாய்க்கு, அதாவது கூரான ஓரத்துக்கு, இரண்டு சுற்று டேப் ஒட்டுங்கள். கழுத்தில் இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு ஒரு நாள் விடுங்கள். பல்குத்தும் குச்சியால் மெதுவாகச் சுரண்டி, பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில், கழுத்தைத் தொடும் அளவுக்குச் சாய்த்துப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் வெறும் கறுப்பாகத் தெரிந்த இடத்தில் எழுத்தின் ஓரங்கள் நிழல் கட்டி எழும்பும். அப்போதும் புரியாவிட்டால் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுங்கள். கழுத்தின் இரு பக்கமும் பாருங்கள். பலர் ஒரு பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

'ஜோசப் ராட்ஜர்ஸ்', நட்சத்திரம், சிலுவை, 'கட்லர்ஸ் டு ஹெர் மெஜஸ்டி' (மகாராணிக்குக் கத்தி செய்பவர்கள்), 'ஷெஃபீல்டு' (கத்திக்குப் பெயர்போன இங்கிலாந்து ஊர்) என்று இருக்கிறது. 'இங்கிலாந்து' இல்லை. நட்சத்திரச் சின்னம் 1764இல் பதிவானது என்கிறார்கள். அவ்வளவு பழசா? (கீழக்கரை)

இல்லை. 1764 அந்தச் சின்னம் பிறந்த ஆண்டு. அதற்குப் பிறகு நூறாண்டுக்கு மேல் அதே சின்னத்தைக் குத்திக்கொண்டே இருந்தார்கள். உங்களுக்கு உதவுவது 'ஹெர்' என்ற சொல்தான். ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனிக்கு அரச அங்கீகாரம் வந்தது 1822இல், நான்காம் ஜார்ஜ் காலத்தில். அப்போது 'ஹிஸ் மெஜஸ்டி'. 1837இல் விக்டோரியா பட்டத்துக்கு வந்ததும் 'ஹெர்' ஆனது. 1901இல் அவர் மறைந்த பின் மீண்டும் 'ஹிஸ்'. 1952இல் எலிசபெத்தோடு மறுபடி 'ஹெர்' வருகிறது என்றாலும், அந்தக் காலத்துக் கத்தியின் மெல்லிய அலகும் பிளாஸ்டிக் பிடியும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆக உங்களுடையது 1837க்கும் 1901க்கும் இடையில்.

இன்னும் நெருங்கலாமா என்றால், கவனம் தேவை. அமெரிக்காவில் 1890இல் இயற்றி 1891இல் நடப்புக்கு வந்த மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. அதனால் 'இங்கிலாந்து' என்று இருந்தால் கத்தி பெரும்பாலும் 1891க்குப் பிந்தையது. இல்லாவிட்டால் முந்தையது என்று திருப்பிப் போட முடியாது. கொழும்புக்கும் சென்னைக்கும் வந்த சரக்கை அமெரிக்கச் சட்டம் கட்டுப்படுத்தவில்லை.

கிரீடச் சின்னத்தின் இருபுறமும் எழுத்து இருந்தால் அதையும் பாருங்கள். வி, ஆர் என்றால் விக்டோரியா. டபிள்யூ, ஆர் என்றால் நான்காம் வில்லியம், 1830 முதல் 1837 வரை மட்டும். ஏழே ஆண்டு என்பதால் கெட்டியான ஆதாரம் அது.

இன்னொன்று. கப்பல் வந்த ஆண்டை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். பாம்பன் ரயில் பாலமும் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பலும் 1914இல் வந்தன. அந்த வழியில் வந்த கத்தி அதற்கு முப்பது வருடம் முன்பே செய்ததாக இருக்கலாம்.

பெயரே இல்லை. வடிவத்தை வைத்துச் சொல்ல முடியுமா? (ராமேஸ்வரம்)

தோராயமாக முடியும். முதலில் வாலைப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டுக் கத்திகளில் வால் இருக்காது, அல்லது சுண்டுவிரல் நகம் அளவுக்குக் குட்டையாக இருக்கும். 1800ஐ ஒட்டித்தான் வால் நீளத் தொடங்கியது.

அடுத்து, கத்தியின் நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்து அலகின் குறுக்குவெட்டைப் பாருங்கள். முதுகிலிருந்து வாய் வரை ஆப்பு மாதிரி நேராகச் சரிந்தால் பழைய பாணி. இரு பக்கமும் உள்வாங்கிக் குழிந்திருந்தால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியோ அதற்குப் பிறகோ. ஜெர்மனியின் சோலிங்கன் ஊர்க்காரர்கள் இந்தக் குழிச் சாணையில் பெயர் எடுத்தவர்கள். குழிந்த அலகை நகத்தால் சுண்டினால் கணீரென்று ஒலிக்கும். ஆப்பு அலகு மொத்தென்று இருக்கும்.

அலகின் அகலத்தை மட்டும் நம்பாதீர்கள். பல வருடம் சாணைக்கல்லில் தீட்டித் தீட்டி முக்கால் அங்குலம் அரை அங்குலமாகியிருக்கும். முதுகிலும் பட்டையாகத் தேய்மானம் தெரிந்தால் அகலத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

'காஸ்ட் ஸ்டீல்' என்றால் வார்ப்பிரும்பா? 'சில்வர் ஸ்டீல்' என்றால் வெள்ளி கலந்ததா? (தேவிபட்டினம்)

வார்ப்பிரும்பு அல்ல. மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண் குடுவையில், உருக்கிய எஃகு. ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் 1740களில் கண்ட முறை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 19ஆம் நூற்றாண்டு நெடுகக் குத்தினார்கள். காலத்தைக் குறுக்க அது போதாது.

'சில்வர் ஸ்டீல்' கொஞ்சம் உதவும். விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயும் கத்திக் கலைஞர் ஜேம்ஸ் ஸ்டோடார்டும் எஃகில் வெள்ளி கலந்து சோதித்தது 1820ஐ ஒட்டி. நம் நாட்டு உருக்கான 'வூட்ஸ்' எஃகை ஆராய்ந்ததன் தொடர்ச்சி அது என்பதைப் பெருமையோடு சொல்லலாம். அந்தப் பெயர் பரவியது அதன் பிறகுதான். பெயர் போட்ட கத்திகளில் வெள்ளி இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இரட்டையர் சின்னம், 'சோலிங்கன்', 'ஜெர்மனி' என்று இருக்கிறது. எவ்வளவு பழசு? (தொண்டி)

ஹென்கல்ஸ் கம்பெனியின் சின்னம். பதிவு 1731, ஆனால் அதுவும் கத்தியின் வயது அல்ல. பிரிட்டனின் 1887 வணிகக் குறிச் சட்டத்துக்குப் பிறகு ஜெர்மன் சரக்கில் நாட்டின் பெயர் பரவலாயிற்று. 'வெஸ்ட் ஜெர்மனி' என்றால் 1949க்கு முன் இருக்க வழியில்லை. 'ரோஸ்ட்ஃப்ரை' என்றால் துருப்பிடிக்காத எஃகு, அதுவும் 20ஆம் நூற்றாண்டுச் சரக்குதான்.

பிடி தந்தமா என்று ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்கலாமா? (பாம்பன்)

வேண்டவே வேண்டாம். தந்தம் போலத் தெரியும் பழைய பிளாஸ்டிக்கான செல்லுலாய்டாக இருந்தால் குப்பென்று தீப்பிடிக்கும். விரலால் பிடியைச் சூடேற அழுத்தித் தேய்த்து முகருங்கள். கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்டு, அதாவது 1870க்குப் பிறகு வந்த பொருள். பூதக்கண்ணாடியில், ஒரே சீராக ஓடும் கோடுகள் செல்லுலாய்டு. சின்னக் கரும்புள்ளிகள் எலும்பு. குறுக்கும் நெடுக்குமாக வலை போன்ற கோடுகள் தந்தம். தந்தம் என்றால் வாங்குவதும் விற்பதும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பிடியை மாற்றிப் போடுவது அந்தக் காலத்தில் சகஜம். ஆணியைச் சுற்றிப் புதுக் கீறலோ சுத்தியல் தடமோ இருந்தால் அலகுக்கும் பிடிக்கும் தனித்தனியே வயது பாருங்கள்.

செல்லுலாய்டு பிசுபிசுத்து, வெடித்து, அதை ஒட்டிய இடத்தில் மட்டும் அலகு துருப்பிடித்திருந்தால், பிடி சிதையத் தொடங்கிவிட்டது. அதிலிருந்து வரும் அமில ஆவிதான் இரும்பை அரிக்கிறது. அந்தக் கத்தியை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். நம் உப்புக் காற்றுக்குத் தோல் உறையும் ஆகாது, ஈரத்தைப் பிடித்து வைக்கும். எண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். தேங்காயெண்ணெய் நாள்பட்டால் காறிப் பிசுக்காகும். தையல் மெஷின் எண்ணெயே போதும்.