பவர் சேவர் பெட்டி வாங்கும் முன் வெள்ளை அட்டையின் தேதியைப் பாருங்கள்

கேள்வி: சேலம் தாதகாப்பட்டியில் குடியிருக்கிறோம். நான், கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகள். ஏ.சி. கிடையாது. மூன்று ஃபேன், டி.வி., கிரைண்டர், மிக்ஸி, போர் மோட்டார், 14 வருடப் பழைய ஃப்ரிட்ஜ், அவ்வளவுதான். மார்ச்சில் 480 யூனிட் வந்தது, மே மாதம் 560 ஆகிவிட்டது. பில்லோ ஒன்றரை மடங்கு. ஃப்ரிட்ஜை மாற்றினால்தான் குறையும் என்கிறார் கடைக்காரர். வீடு தேடி வந்த ஒருவர் 2,400 ரூபாய்க்கு ஒரு பவர் சேவர் பெட்டி காட்டினார். பிளக்கில் சொருகினால் 30 சதவீதம் குறையுமாம். கொண்டலாம்பட்டியில் என் கொழுந்தனாரின் தறிக் கொட்டகையில் இதே மாதிரிப் பெட்டி இருக்கிறது, அங்கே பலன் தெரிகிறது என்று அவரும் சொல்கிறார். எதை வாங்குவது? மீட்டர் கணக்கு எழுதும் வெள்ளை அட்டையின் படத்தை அனுப்பியிருக்கிறேன்.

பதில்: படம் அனுப்பியது நல்லதாகப் போயிற்று. பலரும் பில் தொகையை மட்டும் எழுதிவிட்டு எது கரண்டைத் தின்கிறது என்று கேட்பார்கள். உங்கள் அட்டையில் பதில் பாதி இருக்கிறது. ஜனவரி 5, மார்ச் 6, மே 13 என்று மூன்று தேதிகள். முதல் இடைவெளி 60 நாள். அடுத்தது 68 நாள்.

560-ஐ 68 நாளால் வகுத்து, 60 நாளுக்குக் கணக்குப் பாருங்கள். 494 யூனிட் வரும். அதாவது உங்கள் வீட்டில் கூடியது 14 யூனிட். பங்குனி, சித்திரையில் சேலத்து வெயிலுக்கு இரண்டு ஃபேன் தினமும் இரண்டு மணி நேரம் கூடுதலாக ஓடினால் அதுவே ஆகிவிடும். ஃப்ரிட்ஜ் பாவம், சும்மா பழி சுமக்கிறது.

சரி, வெறும் 80 யூனிட்டுக்கு பில் ஏன் இப்படி எகிற வேண்டும்? இரண்டு மாதக் கணக்கு 500-ஐத் தாண்டியதால். 2022 செப்டம்பர் விகிதத்திலேயே கணக்குச் சொல்கிறேன். பிறகும் ஏற்றினார்கள், அதனால் உங்கள் பில்லில் தொகை சற்றுக் கூட இருக்கும், ஆனால் விஷயம் புரிய இது போதும். 500 வரை முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2 ரூபாய் 25 காசு, அடுத்த 200-க்கு 4 ரூபாய் 50 காசு, கடைசி 100-க்கு 6 ரூபாய். 501 ஆகிவிட்டால் அந்த 2 ரூபாய் 25 காசுப் படியையே எடுத்துவிடுவார்கள். 101-லிருந்தே 400 வரை 4 ரூபாய் 50 காசு, 500 வரை அதே 6 ரூபாய், 500-க்கு மேல் போனதற்கு 8 ரூபாய். 480 யூனிட்டுக்கு 1,605 ரூபாய் வந்தால் 560-க்கு 2,430 வரும். 80 யூனிட்டுக்கு 825 ரூபாய்! 500-லிருந்து 501-க்குப் போகிற அந்த ஒரே யூனிட்டின் விலை 233 ரூபாய். இதை யார் எந்த நியாயத்தில் வகுத்தார்களோ தெரியவில்லை. ஒரு யூனிட் கூடினால் அந்த ஒரு யூனிட்டுக்குக் காசு வாங்குங்கள், கொடுத்த சலுகையை ஏன் பிடுங்குகிறீர்கள்?

அதே 60-ஆம் நாளில் கணக்கெடுத்திருந்தால் உங்கள் பில் 1,689 ரூபாய். மீதி 66 யூனிட் அடுத்த கணக்கில் சேர்ந்திருக்கும், அதற்கு 6 ரூபாய் விகிதத்தில் 396 கட்டியிருப்பீர்கள். ஆக, எட்டு நாள் தாமதத்தால் மட்டும் உங்களுக்கு 345 ரூபாய் நஷ்டம். இரண்டு தேதிகளையும் யூனிட்டையும் குறித்து, உங்கள் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ச்சொல்லை நம்பி வந்துவிடாதீர்கள். அங்கே நடக்கவில்லை என்றால் மின் நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது. 345 ரூபாய்க்கு இத்தனை அலைச்சலா என்று நினைப்பீர்கள். எல்லோரும் அப்படி நினைப்பதால்தான் இது நடந்துகொண்டே இருக்கிறது. இனிமேல் கணக்கெடுத்த 60-ஆம் நாள் காலையில் மீட்டரைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். 500-ஐ நெருங்கியிருந்தால் அன்றே பிரிவு அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள்.

இப்போது அந்தப் பெட்டி. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். உடைத்துப் பார்த்தால் உள்ளே ஒரு கெபாசிட்டர், பச்சையாக எரிய ஒரு சிறிய விளக்கு, எடை தெரிய வேண்டும் என்று சில பெட்டிகளில் கொஞ்சம் மணல் அல்லது சிமென்ட். உங்கள் பில்லில் ஒரு யூனிட்கூட இதனால் குறையாது. அந்தப் பச்சை விளக்குக்காகக் கொஞ்சம் கூடினாலும் கூடும்.

வந்தவர் உங்கள் கண் முன்னால் ஒரு கிளாம்ப் மீட்டரை ஒயரில் மாட்டி, ஏதாவது மோட்டாரை ஓடவிட்டு, பெட்டியைச் சொருகியதும் ஆம்பியர் இறங்குவதைக் காட்டியிருப்பார். அது உண்மையாகவே இறங்கும். மோசடியே அங்கேதான் இருக்கிறது. அவர் காட்டியது ஆம்பியர், நீங்கள் காசு கட்டுவது யூனிட்டுக்கு. மோட்டார் ஓடும்போது வேலைக்கு வேண்டிய கரண்டோடு, காந்தம் உண்டாக்கக் கொஞ்சம் கரண்டைக் கடன் வாங்கி உடனே திருப்பியும் கொடுக்கிறது. பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை வாங்கி அன்றைக்கே திருப்பிக் கொடுக்கிற மாதிரி. வீட்டு மீட்டர் செலவான சர்க்கரையைத்தான் எண்ணும், கைமாற்றை எண்ணாது. பெட்டி செய்வதெல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போகாமல் உங்கள் அலமாரியிலிருந்தே அந்தக் கைமாற்றைக் கொடுப்பதுதான். போக வர ஒயரில் ஓடும் கரண்டு குறைகிறது, அதனால் ஆம்பியர் இறங்குகிறது. காப்பியில் விழுந்த சர்க்கரை அதே அளவுதான்.

நம்பாவிட்டால் நீங்களே பாருங்கள். மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டும். பக்கத்தில் 3200 என்றோ 1600 என்றோ அச்சிட்டிருக்கும், ஒரு யூனிட்டுக்கு அத்தனை சிமிட்டல் என்று பொருள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ரெகுலேட்டரை முழுசாகத் திருப்பி ஒரே ஒரு பழைய ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள். 75 வாட் ஃபேன், 3200 மீட்டர் என்றால் நிமிடத்துக்கு 4 முறை சிமிட்டும். ஐந்து நிமிடம் எண்ணினால் 20. பெட்டியைச் சொருகிவிட்டு மறுபடி எண்ணுங்கள். அப்போதும் 20. இந்தச் சோதனைக்கு எந்த விற்பனையாளரும் நின்றதை நான் பார்த்ததில்லை, திடீரென்று அவருக்குப் போன் வந்துவிடும். அரசு அங்கீகாரம் என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்து, தெருத் தெருவாக, பகலில், ஆண்கள் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து விற்கிறார்கள். கேட்க ஆளில்லை.

ஆனால் உங்கள் கொழுந்தனார் சொல்வதும் பொய்யில்லை. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் தகராறு வரும். தறிக் கொட்டகையில் நாள் முழுக்க ஓடுவது எல்லாம் மோட்டார்கள். அதுவும் பல நேரம் அரைச் சுமையில் ஓடுபவை, கைமாற்று அதிகம் கேட்பவை. மீட்டரிலிருந்து கடைசித் தறி வரை ஒயர் நீளமாகப் போகும், பழைய கொட்டகை என்றால் ஒயர் மெலிதாகவும் இருக்கும். அங்கே மோட்டாருக்குப் பக்கத்திலேயே சரியான அளவில் கெபாசிட்டர் வைத்தால் ஒயரில் ஓடும் கரண்டு குறையும், ஒயர் சூடாவது குறையும், ஃபியூஸ் போவது குறையும், கடைசித் தறிக்கும் வோல்டேஜ் ஒழுங்காகப் போய்ச் சேரும். ஒயர் சூட்டில் வீணாகும் கரண்டும் கொஞ்சம் மிச்சமாகும். பெரிய ஆலைகள் என்றால் கைமாற்று அளவுக்கு மேல் போனால் அபராதமே உண்டு, அவர்களுக்குக் கெபாசிட்டர் லாபக் கணக்கு. அவர் பலன் என்று சொல்வது இதைத்தான். அது மோட்டாரின் குதிரைத் திறனைப் பார்த்து எலக்ட்ரீஷியன் பொருத்தும் கெபாசிட்டர். பிளக்கில் சொருகும் பொம்மை வேறு. உப்பிப் போன, எண்ணெய் கசிந்த கெபாசிட்டர் அவர் கொட்டகையில் இருந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள். இன்னொன்று, விசைத்தறிக்கு 2023-லிருந்து இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம். அந்த இணைப்பிலிருந்து வீட்டுக்கு ஒரு ஒயர் இழுத்துத் தருகிறேன் என்று எவனாவது சொன்னால் விரட்டிவிடுங்கள். பிடிபட்டால் கட்ட வேண்டிய தொகை, மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு.

ஃப்ரிட்ஜுக்கு வருவோம். குடும்பத்தோடு இரண்டு நாள் ஊருக்குப் போகும்போது அதை மட்டும் ஓடவிட்டு, கிளம்பும்போதும் வந்ததும் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். நாளைக்கு 1.25 யூனிட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதிய ஃப்ரிட்ஜின் ஸ்டிக்கரில் ஆண்டுக்கு 200 யூனிட் என்று போட்டிருந்தால் நாளைக்கு 0.55. இரண்டு மாதத்தில் 42 யூனிட் மிச்சம், 6 ரூபாய் விகிதத்தில் வருடத்துக்குச் சுமார் 1,500 ரூபாய். 20,000 ரூபாய் ஃப்ரிட்ஜுக்கு 13 வருடம் ஆகும் காசு திரும்பி வர. அதற்குள் அதுவே பழசாகிவிடும். கதவு ரப்பரில் ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுங்கள், சுலபமாக வந்துவிட்டால் ரப்பரை மட்டும் மாற்றுங்கள். கம்ப்ரஸர் ஓயாமல் ஓடினால் அது வேறு கதை, அப்போது மாற்றத்தான் வேண்டும்.

அப்படி வாங்கப் போனால் நட்சத்திரத்தை மட்டும் எண்ணாதீர்கள். அளவுகோலை அவ்வப்போது இறுக்குவார்கள், ஃப்ரிட்ஜுக்கு 2023 ஜனவரியில் இறுக்கினார்கள். பழைய அளவில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது புதிய அளவில் அத்தனை வாங்காது. ஸ்டிக்கரில் எந்தக் காலத்துக்கு என்று பொடி எழுத்தில் இருக்கும், அதையும் ஆண்டு யூனிட்டையும் பாருங்கள். அந்தப் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத அளவில் அச்சடிப்பது யாருடைய யோசனையோ! பழசுக்கு 3,000 தருகிறோம் என்பவரிடம், பழசு இல்லாமல் வாங்கினால் என்ன விலை என்று முதலில் கேளுங்கள்.

காசு செலவழித்தே தீருவேன் என்றால் ஃபேனில் செலவழியுங்கள். ஏற்காட்டிலிருந்து இந்தக் கேள்வி வந்திருந்தால் கீசரில் தொடங்கியிருப்பேன், தாதகாப்பட்டியில் ஃபேன்தான். பழைய ஃபேன் 75 வாட், பி.எல்.டி.சி. என்கிற பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார் வைத்த ஃபேன் முழு வேகத்தில் 28-லிருந்து 35 வாட். நாளைக்கு 15 மணி நேரம் ஓடும் ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்தில் 36 யூனிட் மிச்சம். 20,000 ரூபாய் ஃப்ரிட்ஜ் மிச்சம் பிடிப்பதில் பெரும்பகுதியை 3,000 ரூபாய்க்குள் ஒரு ஃபேன் பிடித்துவிடுகிறது. 500-க்கு நீங்கள் நிற்கும் தூரத்துக்கு ஒரே ஃபேன் போதும், கணக்கெடுப்பவர் நாலு நாள் தாமதித்தாலும் கோடு தாண்ட மாட்டீர்கள். பெட்டி மேல் பி.எல்.டி.சி. என்று எழுதியிருப்பதை நம்பாமல் வாட் எண்ணைப் படியுங்கள். உள்ளே இருக்கும் போர்டுக்கு எத்தனை வருடம் உத்தரவாதம் என்று எழுதி வாங்குங்கள், வோல்டேஜ் ஏறி இறங்கினால் முதலில் போவது அதுதான், தெருமுனைக் கடையில் அதைச் சரிசெய்ய ஆள் கிடைப்பது சிரமம். பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

மாமியார் பகலெல்லாம் உட்காரும் அறையின் ஃபேன்தான் அதிக நேரம் ஓடும். அதை முதலில் மாற்றுங்கள். மற்ற இரண்டையும் அடுத்த பங்குனிக்குள் பார்த்துக்கொள்ளலாம்.