முன்னால நிக்கிறவரு எதுக்கு?

அண்ணே, வணக்கம். நான் தலவாக்கலை பக்கம் ஒரு தோட்டம். ஸ்கூல் பேண்ட்ல ஆறு வருஷம் ட்ரொம்போன் ஊதினேன். இப்ப பழைய மாணவர்கள் பதினெட்டு பேர் சேர்ந்து பித்தளை வாத்தியம் மட்டும் வச்சு ஒரு செட் தொடங்கியிருக்கோம், வர்ற ஏப்ரல்ல நுவரெலியாவுல வாசிக்கணும். என்னை ட்ரொம்போனை வச்சிட்டு முன்னால நின்னு கண்டக்டரா குச்சி பிடிக்கச் சொல்றாங்க. மனசு ஒப்பல. கோயில் நாதஸ்வர செட்டுல அப்படி யாரும் நிக்கிறதில்லையே? தப்பு மேளச் செட்டுலயும் இல்லையே? நீங்க முன்னாடி எழுதின ஃபிலிப் ஜோன்ஸ் பித்தளை வாத்தியக் குழுவை யூடியூப்ல கேட்டேன், அவங்களும் நிறைய உருப்படி கண்டக்டர் இல்லாமத்தான் வாசிக்கிறாங்க. ஊதத் தெரிஞ்சவன் ஊதாம நிக்கிறதுல என்ன இருக்கு?
— வாசகர், தலவாக்கலை

தம்பிக்கு வணக்கம்.

உங்க கேள்வி நியாயமான கேள்வி. நாதஸ்வரத்துல ராகம் ஒன்னுதான், பெரியவர் எடுக்கிறதை ரெண்டாவது நாயனம் பிடிச்சுக்கிட்டுப் போகும், தவில்காரர் கையெட்டுற தூரத்துல நின்னு அவர் முகத்தையே பார்த்துக்கிட்டு இருப்பாரு. தப்பும் அப்படித்தான், ஒருத்தர் அடி மாத்தினா மத்தவங்க மாறிக்குவாங்க. தலைவர் உள்ளுக்குள்ளயே இருக்காரு. பித்தளை செட்டுல நாலஞ்சு மெட்டு ஒரே நேரத்துல தனித்தனியா ஓடுது, அடித்தொனி ஊதுற ட்யூபாகாரர் முப்பது பார், அதாவது முப்பது தாளக் கட்டம், சும்மா இருந்துட்டு திடீர்னு உள்ள வரணும்.

ஃபிலிப் ஜோன்ஸ் 1951ல லண்டன்ல சின்னதா ஆரம்பிச்ச குழு அது, பிறகுதான் பத்து பேராச்சு: நாலு ட்ரம்பெட், ஒரு ஹார்ன், நாலு ட்ரொம்போன், ஒரு ட்யூபா. சின்ன உருப்படின்னா கண்ணால பேசி முடிச்சிருவாங்க. ஆனா ரஷ்ய இசையமைப்பாளர் முஸோர்க்ஸ்கி 1874ல பியானோவுக்கு எழுதின ஓவியக் கண்காட்சி உருப்படியை இன்னும் ஆள் சேர்த்து வாசிச்சப்போ முன்னால ஒருத்தர் தேவைப்பட்டாரு. அவரு எல்கர் ஹோவர்த். அதைப் பித்தளைக்கு மாத்தி எழுதினதும் அவருதான். அவரும் அந்தக் குழுவுல ட்ரம்பெட் ஊதினவரு தம்பி, அதை முதல்ல மனசுல வச்சுக்கோங்க.

இப்ப நீங்க உங்க ட்ரொம்போனை எடுத்து ஊதுறதை யோசிங்க. உதடு அதிர்றது பல்லு வழியா தாடை எலும்பு வழியா உங்க காதுக்கு வருது, ஆனா உங்க வாத்தியத்தோட வாய் முன்னால பார்த்து நிக்குது. ஹார்னோட வாய் பின்னால திரும்பியிருக்கு, ட்யூபாவோடது கூரையைப் பார்க்குது. ஒருத்தருக்கும் தன்னோட சத்தம் வெளியில எப்படி விழுதுன்னு சரியாத் தெரியாது, பக்கத்துல உள்ளவனோடது மட்டும் காதை அடைக்கும். அத்தனை சத்தமும் ஒன்னு சேர்ற இடத்துல நிக்கிறவரு ஒருத்தர்தான். அவரோட பாதி வேலை காதுலதான் இருக்கு.

இன்னொரு பாதி மூச்சு. குச்சி மேல போறப்போ பதினெட்டு பேரும் மூச்சை இழுக்கணும், கீழ வர்றப்போ சத்தம் வரணும். வெடுக்குனு தூக்கினா மூச்சு நெஞ்சோட நின்னுரும், சத்தம் கட்டையா முரட்டுத்தனமா வரும், நிதானமா தூக்கினா வயிறு வரைக்கும் இறங்கி சத்தம் அகலமா வரும். ஊதிப் பார்த்தவனுக்குத்தான் அந்தத் தூக்கல் கையில வரும். உங்களைக் கேக்கிறாங்கன்னா அதுக்காகத்தான் கேக்கிறாங்க.

நான் யூஃபோனியம், அதாவது சின்ன ட்யூபா மாதிரி வாத்தியம், ஊதின காலத்துல எங்க ஸ்கூல் பேண்டுக்கு ஒரு மாஸ்டர் இருந்தாரு. ஒரு நாள் காலையில நுவரெலியாவுல, பனி பேஞ்சு புல்லு வெள்ளையா கிடக்கு, பஸ்ஸை விட்டு இறங்கின உடனே வரிசைல நின்னு ஊதினோம். எல்லாரும் சுருதிக்குக் கீழ, பெல், அதான் தட்டி வாசிக்கிற உலோகத் தகடுங்க, வாசிச்ச பொண்ணு மட்டும் மேல தனியா நிக்குது, கேக்க முடியல. மாஸ்டர் கையைக் காட்டி நிப்பாட்டினாரு. திட்டல. சத்தமே வராம வெறும் வாய்க்காத்தை குழாய்க்குள்ள விடுங்கடான்னாரு, பத்து நிமிஷம் அப்படியே ஊதிக்கிட்டு நின்னோம், விரல்ல பித்தளை மெதுவா சூடாகிறது தெரிஞ்சது. குழாய்க்குள்ள காத்து பத்து டிகிரி குளிர்ந்தா சுருதி கிட்டத்தட்ட அரை சுரத்துல மூணுல ஒரு பங்கு இறங்கிரும்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் படிச்சேன். அவரு அதைக் காதாலயே பிடிச்சிட்டாரு. அவரு மாற்றலாகிப் போன பிறகு அந்த ஸ்கூல்ல பேண்ட் ரூமைப் பூட்டிப் போட்டுட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சுத் திறந்தப்போ என் யூஃபோனியத்துல பச்சைக் களிம்பு, மூணு வால்வும் ஒட்டிப்போய் அசையல. இன்னைக்கும் எனக்கு அது ஆறல.

ஹோவர்த் பத்தி இன்னொன்னு சொல்லியே ஆகணும். அவரு இங்கிலாந்துல கிரைம்தோர்ப் நிலக்கரிச் சுரங்கத்து பேண்டையும் நடத்தினாரு. 1917ல உருவான பேண்ட், சுரங்கத்து ஆளுங்க ஊதின பேண்ட். அவங்களுக்காக 1973ல பர்ட்விசில்னு அவரோட படிச்ச இசையமைப்பாளர் நண்பரை புதுசா ஒன்னு எழுத வச்சாரு, இருட்டா கனமா கேக்கிறதுக்குக் கஷ்டமான இசை, தொழிலாளிங்களுக்கு லேசான பாட்டு போதும்னு அவரு நினைக்கல. 1993ல சுரங்கத்தை மூடிட்டாங்க, பேண்ட் இன்னும் இருக்கு. இதைப் படிக்கிறப்போ எனக்கு நம்ம தப்புதான் ஞாபகம் வரும், விடியக்காலையில பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிறதுக்கு, ஆள் எழுப்ப தோட்டத்துக்காரன் அடிக்க வச்ச அதே தப்பை வச்சுத்தான் நம்ம ஆளுங்க ராத்திரி முழுக்க மன்மதன் கதையான காமன் கூத்து ஆடினாங்க.

அதனால தம்பி, ஒத்துக்கோங்க. முதல் ரிகர்சல்ல பாட்டு எதுவும் வேணாம். ஒரு மேஜர் கோர்டை, அதாவது மூணு நோட்டு சேர்ந்த ஒரு சத்தத்தை, எல்லாரையும் மெதுவா பிடிக்கச் சொல்லி முன்னால நின்னு கேளுங்க. நடு நோட்டு யாருகிட்ட இருக்கோ அவரை மட்டும் துளி இறக்கச் சொல்லுங்க, ட்ரொம்போன்னா ஸ்லைடை, அந்த இழுக்கிற குழாயை, ஒரு இழை வெளிய விட்டாப் போதும். சரியா விழுந்ததும் யாரும் ஊதாத ஒரு சத்தம் அடியில எழும்பும், உங்களுக்கே கேக்கும். ட்ரொம்போனை வித்துறாதீங்க, வீட்ல தினமும் அரை மணி ஊதுங்க, உதடு மறந்துட்டா தூக்கல் போயிரும். ஏப்ரல்ல நான் வர்றேன். காலையில வாசிக்கிறதா இருந்தா அரை மணி நேரத்துக்கு முன்னாடியே குழாயெல்லாம் சூடாக்கி வைக்கச் சொல்லுங்க.