அத்தை மகளோடு ஒரே ஃபிளாட் வேண்டாம்

அண்ணா, அக்கா,

சென்ற வாரம் மகளோடு வந்துபோனீர்கள். நேரில் சொன்னதை எழுதித் தரச் சொன்னீர்கள். டர்பனில் நம் பேவியூவிலிருந்து கேப் டவுன் ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர். பிள்ளையை முதன்முறையாக அவ்வளவு தூரம் படிக்க அனுப்பும் தாய்க்குத் தூக்கம் வராதது இயல்பு. தேநீர் ஆறும்வரை நானும் ஆறுதல்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, உங்களை உறங்கவிடாதது தூரமல்ல, அண்ணனின் தங்கை பார்த்துவைத்திருக்கும் ஃபிளாட்.

அத்தை மகள் அங்கே மருத்துவம் நான்காம் ஆண்டு. இரண்டு படுக்கையறை, ஒரே ஒப்பந்தத்தில் இரு பெண்களின் பெயர், இரு தகப்பன்மாரின் ஜாமீன் கையெழுத்து. "சொந்த ரத்தம், பாதுகாப்பு. டாக்டருக்குப் படிப்பவளோடு இருந்தால் இவளும் அடுத்த வருடம் அந்தப் பக்கம் மாறிக்கொள்வாள்" என்கிறாராம் அத்தை.

அந்தக் கடைசி வாக்கியத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மருத்துவம் 6 ஆண்டு, அதன்பின் 2 ஆண்டு பயிற்சி, 1 ஆண்டு சமூகப் பணி. இன்னொருவர் ஆசைக்காக உங்கள் மகள் 9 ஆண்டுகளைத் தரமாட்டாள். தரவும் கூடாது. கோயில் காவடி ஊர்வலம் போகும் பாதையைச் சிறுவயதிலேயே காலடி எண்ணிக் காகிதத்தில் வரைந்தவள் அவள். நில அளவைப் படிப்பு அவளே தேடிப் பிடித்தது. யாரோடு தங்க விருப்பம் என்று அவளிடம் கேட்டேன். "சீக்கிரம் தூங்குகிறவர்களோடு" என்றாள். இந்த வீட்டு விவகாரத்தில் அதுவரை யாரும் அவளைக் கேட்கவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகம் ஒப்சர்வேட்டரி என்ற பகுதியில், குரூட்டே ஸ்கூர் மருத்துவமனையை ஒட்டி இருக்கிறது. அந்த ஃபிளாட்டும் அதற்குப் பக்கத்தில்தான். உங்கள் மகளுக்கு வகுப்புகள் ரொண்டபோஷ் பக்கம், மலையடிவார வளாகத்தில். மூத்த மருத்துவ மாணவி வார்டில் இரவுப் பணி முடித்து விடியற்காலையில் வந்து படுப்பாள். அதே நேரத்தில் இவள் களப்பயிற்சிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். இருவரும் நல்ல பெண்கள். ஆனாலும் மூன்றாம் மாதமே முகம் கோணும், அது இரு குடும்பங்களுக்கும் பரவும். அந்நியரோடு சண்டை வந்தால் வீட்டை மாற்றிக்கொள்ளலாம், அத்தையை மாற்ற முடியாது.

பணத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மாத வாடகை 14,000 ராண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பங்கு 7,000 என்று நினைக்கிறீர்கள். கூட்டுப் பொறுப்பு என்ற சொல் ஒப்பந்தத்தில் இருந்தால், மற்றவள் கட்டாத மாதத்தில் வீட்டுக்காரர் முழு 14,000-ஐயும் உங்களிடம் கேட்கலாம். ஒப்பந்தம் 12 மாதம், படிப்பு பிப்ரவரியிலிருந்து நவம்பர்வரை. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் வாடகை கொடுப்பீர்கள்.

பல்கலைக்கழக விடுதிக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கிறீர்கள், அதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நம் குடும்பங்கள் திரும்பியும் பார்க்காத ஒரு வழி இருக்கிறது. மாணவர்கள் அதை டிக்ஸ் என்பார்கள். வளாகத்துக்கு அருகே மோப்ரே, ரோஸ்பேங்க் பக்கம் நான்கைந்து அறை கொண்ட பழைய வீடுகள். ஆண்டு முடிவில் படிப்பு முடிந்து ஒருத்தி கிளம்புவாள், அவள் அறை மட்டும் காலியாகும். வீட்டுக்காரரோடு அந்த ஓர் அறைக்கு மட்டும் தனி ஒப்பந்தம் எழுதும் வீடாகப் பாருங்கள். பக்கத்து அறைக்காரி வாடகை பாக்கி வைத்தால் அது உங்கள் தலையில் விழாது. அங்கே குடியிருக்கும் பெண்ணே உள்வாடகைக்கு விடுகிறாள் என்றால், வீட்டுக்காரரின் எழுத்துபூர்வமான சம்மதத்தைக் கேளுங்கள்.

வீட்டைப் பார்ப்பதைவிட அங்கே இருப்பவர்களைப் பார்ப்பது முக்கியம். மாலையில் அவர்கள் சமைக்கும் நேரத்தில் மகளை வீடியோவில் பேசச் சொல்லுங்கள். "நீங்கள் சுத்தமானவர்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். போன மாதம் ப்ரீபெய்ட் மின்சார மீட்டருக்கு யூனிட் வாங்கியது யார், மற்றவர்கள் எப்போது பணம் கொடுத்தார்கள் என்று கேட்கட்டும். பதில் சொல்லுமுன் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் அந்த வீடு வேண்டாம். காதலன் வாரத்தில் எத்தனை இரவு தங்குகிறான் என்பதையும் கூச்சப்படாமல் கேட்கட்டும். (அக்கா, முகம் சுளிக்காதீர்கள். கேட்காமல் போய்த் தெரிந்துகொள்வதைவிட இது மேல்.) புரட்டாசியில் மரக்கறி மட்டும்தான், தனக்கெனத் தனி வாணலி வேண்டும் என்பதை முதல் பேச்சிலேயே சொல்லட்டும். தமிழ்ப் பெண்ணாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. "சரி, அலமாரியில் மேல்தட்டு உனக்கு" என்று சொல்லும் கோசா பெண்ணோ ஆப்பிரிக்கானர் பெண்ணோ போதும். கிளம்பிப் போகிறவளிடமும் தனியாகப் பேசவேண்டும், மற்றவர்கள் சொல்லாததை அவள் சொல்வாள்.

ஜன்னல் வடக்குப் பார்த்திருக்கிறதா என்று கேளுங்கள். நமக்கு மழை கோடையில், கேப் டவுனுக்குக் குளிர்காலத்தில். அந்த மாதங்களில், பூமியின் தென்பாதியான நம் பக்கம் வெயில் வடக்கிலிருந்துதான் சாய்ந்து வரும். தெற்கு பார்த்த பழைய அறையில் ஜூலையில் சுவரெல்லாம் பூஞ்சை பிடிக்கும்.

நம் நாட்டின் 1999-ஆம் ஆண்டு வாடகை வீட்டுச் சட்டப்படி டெபாசிட்டை வட்டி தரும் கணக்கில் வைக்கவேண்டும், குடியேறும்போதும் காலி செய்யும்போதும் இரு தரப்பும் சேர்ந்து வீட்டைப் பார்வையிடவேண்டும். எந்தப் பாக்கியும் இல்லையென்றால் 7 நாளுக்குள் வட்டியோடு திருப்பித் தரவேண்டும். முதல் நாளே சுவர், குழாய், மெத்தை எல்லாவற்றையும் மகள் படம் எடுத்துவைக்கட்டும்.

அண்ணா, ஜாமீன் படிவம் இன்னும் உங்கள் பையில்தான் இருக்கிறது. கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புங்கள். தங்கை கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.